டெரிக்கின் சட்டையிலிருந்து கழற்றிய எழுத்து

நான் வேலையை விட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு, அதே தையல் அறையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் என்னைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் இருந்த மூலையில் இப்போது ஒரு சூட்டு இயந்திரம் நிற்கிறது. எழுத்தை வைத்து அமத்தினால் ஒட்டிவிடுகிறது. கெட்டிக்கார இயந்திரம். அதைக் காட்டிவிட்டு ஒரு பிள்ளை கேட்டாள்: “அன்ரி, நீங்கள் தைச்சதிலை ஆகக் கஷ்டமான ஜேர்சி எது?”

நீளமான பெயர் ஒன்றைச் சொல்வேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். பின்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய பெயர் ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோளில் வளைந்து இறங்கும். அது கஷ்டமில்லை, பொறுமை இருந்தால் போதும். எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரேயொரு எழுத்து. அதையும் நான் தைக்கவில்லை, கழற்றினேன். அன்றைக்குத் தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது ரொறன்ரோவில் விளையாடிய தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணி. தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணி அல்ல, அதற்கு ஒரு படி கீழே. பெயர் வேண்டாம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. ஊரில் சட்டை தைத்தேன். இங்கே வந்து கோட்டுத் தொழிற்சாலையில் கைமடிப்பு மட்டும் தைத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் எங்களுடைய மாடியிலேயே இருந்த ஜெசிந்தா அக்கா, மன்னார்க்காரி, அந்த அணியின் உடைமாற்றும் அறைகளைத் துப்புரவாக்கும் வேலையில் இருந்தார். “தையல்காரி தேடினம். மணம் பொறுப்பியெண்டால் வா” என்றார். வியர்வை மணத்தைச் சொன்னார். போனேன்.

அங்கே வொலி இருந்தார். சாமான் அறை முழுவதற்கும் பொறுப்பாளர். நியூபவுண்லாந்துத் தீவிலிருந்து வந்த, அறுபதை நெருங்கிய மனிதர். நேர்முகம் என்று ஒன்றும் வைக்கவில்லை. முழங்கையில் கிழிந்த சட்டை ஒன்றைத் தந்துவிட்டுப் போய்விட்டார். தைத்து வைத்தேன். திரும்பி வந்ததும் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உட்பக்கத்தைப் புரட்டி, நூல் முடிச்சை விரலால் தடவினார். “நாளைக்கு வா, வாத்து” என்றார்.

அவருடைய ஊரில் பெண்களை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அது தெரியாமல் ஜெசிந்தா அக்கா தன் முதல் நாளில் அவருக்கு நேரே துடைப்பத்தைத் தூக்கியிருக்கிறார். வொலி பிற்பாடு அக்காவுக்குத் தகர டப்பாவில் வரும் ரின்பால் விட்ட தேத்தண்ணீர் கொடுத்தாராம். அவர்களுடைய ஊரிலும் ரின்பால்தான். அதோடு சமாதானம்.

அந்த அறையில் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் எனக்கு அது நம்முடைய பேச்சாகத்தான் காதில் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

வொலி சட்டையைச் சட்டை என்று சொல்லமாட்டார், ஆளின் பெயரைத்தான் சொல்லுவார். “டெரிக்குக்கு முழங்கை கிழிஞ்சிட்டுது.” “மார்க் இன்னும் காயேல்லை, வெளியிலை தூக்கு.” ஜேர்சி நிலத்தில் விழுந்தால் குனிந்து எடுத்து மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு தட்டுத் தட்டுவார். ஒவ்வொன்றின் உள்ளேயும் முதுகுப் பக்கத்தில் ஒரு பட்டி இருக்கும். அதைக் காற்சட்டையோடு பூட்டிவிட்டால், அடிபிடி வரும்போது எதிராளி சட்டையை இழுத்துத் தலைக்கு மேலால் போட்டு அடிக்க முடியாது. அந்தப் பட்டிக்கு மூன்று தையல் போடச் சொல்லுவார். “சண்டை பிடிக்கிறதுக்கும் தையலோ? நல்ல பிழைப்பு” என்று ஜெசிந்தா அக்கா வாசலில் நின்று நக்கல் அடிப்பார்.

கப்டன் என்பதற்கு அடையாளமாக நெஞ்சில் தைக்கும் ‘சி’ என்ற இங்கிலீஷ் எழுத்துக்கு வொலியிடம் தனி முறை இருந்தது. மற்ற எழுத்துகளை மேசையில் வைத்து அளந்து தைக்கலாம். ‘சி’யை மட்டும், அதைப் போடப்போகிறவர் தோள்கவசம் கட்டி, அதன்மேல் ஜேர்சியும் போட்டு நிற்கும்போதுதான் வைத்து ஊசி குத்தவேண்டும். கவசம் ஆளுக்கு ஆள் வேறு. மேசையில் அளந்து தைத்தால், ஓடும்போது எழுத்து கைக்கு அடியில் கமுக்கட்டுக்குள் போய்விடும். “கப்டன் கையைத் தூக்கினால் நடுவருக்கு எழுத்துத் தெரியவேணும். அதுக்குத்தானே போடுறது” என்பார்.

முதல் நாளே எனக்கு ஒன்று சொல்லியிருந்தார். ஒருவரை இன்னொரு அணிக்கு விற்றால், புதிதாக ஒருவர் வந்தால், பெயர் தைக்கும் வேலை முதலில் எங்களிடம்தான் வரும். சில வேளை அந்த ஆளுக்கே தெரியமுதல் எங்களுக்குத் தெரியும். “தெரிஞ்சது இந்தக் கதவோடை நிக்கவேணும். கதவு தாண்டினால் நீயும் தாண்டவேணும்.” அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கப்டன் டெரிக் சஸ்கற்சுவான் மாகாணத்தில் வயல் உழுத கமக்காரப் பிள்ளை. வேகமான ஆட்டக்காரர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தோற்ற நாட்களில் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் முதலில் போய் உட்காருவார். மற்றவர்கள் குளித்து முடியுமட்டும் கேள்விகளை அவரே வாங்கிக்கொள்வார். ஹொக்கி ஸ்ரிக்கில் சுற்றுகிற ஒட்டு ரேப் துண்டுகளை ஆட்டக்காரர்கள் உருட்டி நிலத்தில் எறிவது வழக்கம். ஜெசிந்தா அக்கா குனிந்து பொறுக்குவதை ஒரு நாள் கண்டார். அதற்குப் பிறகு எறிந்தவர்தான் பொறுக்கவேண்டும். சட்டம் போட்டதாக ஞாபகம் இல்லை. தான் எறிந்ததைத் தானே பொறுக்கிக்கொண்டு மற்றவர்களைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் வியாழக்கிழமைகளில் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வருவார். பிக்கரிங் பக்கத்து வீடுகளின் கராஜ்களில் சும்மா கிடக்கும் பழைய ஸ்கேற்களைச் சேர்த்து, தகடு தீட்டி, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து எங்கள் கொமியூனிற்றி சென்ரரில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பின்னால் தண்ணீர் ஊற்றி உறையவைத்த சின்னத் தளம் இருந்தது. அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவார். பிள்ளைகளுக்கு அது வேண்டும். நான் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பேன். மேலிடம் ஒருமுறை படம் எடுக்க ஆள் அனுப்பியது. அந்த ஆளைப் பிடித்து இருத்தி ஸ்கேற் நூல் கட்டவிட்டார். படம் ஒன்றும் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை காலைப் பயிற்சி முடிந்த கையோடு வொலி மேல்மாடியில் இருந்த அணி மனேச்சரிடம் போய்வந்தார். வந்தவர் கதவடியில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“டெரிக்கிலை இருந்து ‘சி’யைக் கழட்டவேணும்” என்றார். “மார்க்கிலை தைக்கவேணும். பின்னேர ஆட்டத்துக்கு.”

புதுக் கோச் வந்திருந்தார். அவருக்கு இளம் கப்டன் வேண்டுமாம். டெரிக் செய்த பிழை என்று ஒன்றுமில்லை. மார்க் மேலிடத்துச் செல்லப்பிள்ளை. முதல் குளிர்காலம் முழுவதும் டெரிக்கின் வீட்டில்தான் தங்கியிருந்தவர். இரண்டு பேரையும் மேல்மாடிக்குக் கூப்பிட்டு நாலு மணிக்குச் சொல்லுவார்களாம். அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது.

“அப்ப மார்க்குக்கு எப்பிடி ஊசி குத்துறது?” என்று கேட்டேன்.

“மேசையிலை அளக்கட்டுமாம்.” வொலி அதைச் சொன்ன விதத்தில், எழுத்தைக் கழற்றுவதைவிட அதுதான் அவருக்குக் கூடுதலாகச் சுட்டது என்று தெரிந்தது. பெட்டி வந்திருக்கிறது என்று பின்வாசலுக்குப் போனார்.

எழுத்தைக் கழற்றுவது உட்பக்கத்தால். சட்டையைப் புரட்டி, கீழ்நூலை நாலைந்து தையலுக்கு ஒருக்கால் வெட்டவேண்டும். பிறகு வெளிப்பக்கம் திருப்பி எழுத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கினால் நூல் தானாக வரும். அவசரப்பட்டால் துணி ஓட்டையாகும். பிறகு ஈரத்துணி போட்டு நீராவி காட்டி, நகத்தால் துணியை இரண்டு பக்கமும் வருடினால் ஊசித் துளைகள் மூடிக்கொள்ளும். ஆனால் வெள்ளைச் சட்டையில் ஒரு தொல்லை உண்டு. எத்தனையோ ஆட்டத்து வியர்வையும் சலவையும் பட்டு மற்ற இடமெல்லாம் மங்கியிருக்கும். எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் புதுத்துணியாகப் பளிச்சென்று நிற்கும். எழுத்தைக் கழற்றினாலும் எழுத்து அங்கேயே இருக்கும். அதற்கு வொலியின் மருந்து, சாயம் குறைந்த வெறும் தேத்தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றுவது.

உள்ளூர் ஆட்டத்து வெள்ளையில் கழற்றி முடித்திருந்தேன். தேத்தண்ணீர் இன்னும் ஒற்றவில்லை. வெளியூர் ஆட்டங்களுக்கான நீலச் சட்டை, ‘சி’யோடு, அலுமாரித் தட்டில் இருந்தது. அப்போது டெரிக் உள்ளே வந்தார்.

“புஷ்பா, சட்டையைத் தாறியோ? இரண்டு மணிக்கு உங்கடை சென்ரர்.”

நான் என்னுடைய ஸ்வெற்றரை மேசையில் கிடந்த வெள்ளைக்கு மேல் போட்டேன். எழும்பி நீலத்தை எடுத்தேன்.

“வெள்ளைதானே பழக்கம்” என்றார்.

கையில் நீலம் இருந்தது. நீட்டினால் அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஜெசிந்தா அக்காவுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மேசையில் கழன்று கிடந்த எழுத்தை அவர் முன்னமே கண்டிருந்தார்.

“குடன் பிள்ளை,” என்றார் தமிழில். “மனிசன் சந்தோசமாப் போயிட்டு வரட்டும்.”

“நாலு மணிக்குப் பிறகு அந்தாள் என்ன நினைக்கும் அக்கா? எல்லாம் தெரிஞ்சுகொண்டு வேசம் போட்டு அனுப்பினவையள் எண்டு நினைக்காதோ?”

“நாலு மணிக்குப் பிறகு நினைக்கிறதை நாலு மணிக்குப் பிறகு நினைக்கட்டுமன்! உனக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?”

“வேணும். அதுக்காக?”

“அதுக்காக வாயை மூடிக்கொண்டு சட்டையைக் குடு.”

டெரிக் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னைப் பற்றியோ?” என்று கேட்டார்.

பொய் சொல்லுகிற அளவுக்கு அப்போது என்னிடம் இங்கிலீஷ் இருக்கவில்லை. “ஓம்” என்றேன். “வொலி வரட்டும். கொஞ்சம் இருங்கோ.”

அவர் இருந்தார். வொலி பெட்டியோடு வந்தார். டெரிக்கைப் பார்த்தார், என் கையில் இருந்த நீலத்தைப் பார்த்தார், மேசையில் கிடந்த ஸ்வெற்றரைப் பார்த்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை நேரத்தில் அந்தக் கதவு சாத்தி நான் கண்டதில்லை. ஜெசிந்தா அக்கா உள்ளே அகப்பட்டுக்கொண்டார்.

“‘சி’யைக் கழட்டியாச்சு, டெரிக்” என்றார். “நாலு மணிக்கு உனக்குச் சொல்லுவினம்.”

டெரிக் ஸ்வெற்றரைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதை மடித்து என் கதிரையில் வைத்தார்.

“ஆருக்கு?”

“மார்க்.”

டெரிக்கின் காது சிவந்தது. பிறகு கேட்டார்: “ஊசி குத்தியாச்சோ?”

“மேசையிலை அளக்கச் சொல்லினம்” என்றார் வொலி.

“மேசையிலையோ? அது கமுக்கட்டுக்குள்ளை போடுமே.”

“அதைத்தான் நானும் சொன்னன்.”

டெரிக் வெளியே போனார். திரும்பும்போது மார்க்கைத் தோள்கவசத்தோடு கூட்டிவந்தார். வழியில் சொல்லியிருக்கவேண்டும், மார்க்கின் முகம் வெளிறியிருந்தது.

“நான் போடமாட்டன்,” என்றார் மார்க். “இது என்ன பகிடியோ? நான் அவங்களிட்டையே சொல்லுறன், போடமாட்டன் எண்டு.”

“நீ போடாட்டி வேற ஆருக்கோ போடுவாங்கள்,” என்றார் டெரிக். “அவனோடை நான் ஒரு வருசம் மாரடிக்கவேணும். உன்ரை குறட்டையாவது எனக்குப் பழக்கம். சட்டையைப் போடு.”

“பெடியள் என்ன சொல்லுவாங்கள்?”

“நான் என்ன சொல்லுறன் எண்டு பாத்துத்தான் அவங்கள் சொல்லுவாங்கள். நான் சொல்லியாச்சு. நிமிர்ந்து நில்லு.”

மார்க் சட்டையைப் போட்டார். டெரிக் அந்த எழுத்தை எடுத்து, தன் சட்டையிலிருந்து கழற்றிய அதே எழுத்தை, மார்க்கின் நெஞ்சில் வைத்துப் பிடித்தார். “கையைத் தூக்கு. ஓடுறமாதிரி செய். புஷ்பா, இன்னும் கொஞ்சம் மேலை வரட்டும்.” நான் ஊசி குத்தினேன். மார்க் அசைந்ததால் இரண்டாவது ஊசியை எடுத்துத் திரும்பக் குத்தவேண்டியிருந்தது. ஜெசிந்தா அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு மேல்மாடியில் நடந்ததை வொலி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனேச்சர் ஆயத்தமாக வைத்திருந்த பேச்சை டெரிக் முழுவதும் கேட்டாராம், குறுக்கே பேசவில்லையாம். முடிந்ததும், “ஓம், ஊசி குத்தியாச்சு” என்றாராம். மனேச்சர் படியால் இறங்கி நேரே தையல் அறைக்கு வந்தார்.

“ஆர் சொன்னது?”

“நான்” என்றார் வொலி.

“இத்தனை வருசமா இந்த அறையிலை இருந்து ஒரு கதை வெளியிலை போனதில்லை.”

“இண்டைக்கும் போகேல்லை. அவன்தான் உள்ளை வந்தவன்.”

மனேச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பருவம் முழுவதும் வெளியூர் ஆட்டங்களுக்கு வொலியைக் கூட்டிப்போகவில்லை. அவருக்கு அந்தப் பஸ் பயணங்கள் என்றால் உயிர். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வொலி “நான்” என்று சொன்னதோடு விசாரணை முடிந்துவிட்டது. பின்னேர ஆட்டத்தில் மார்க் எழுத்தோடு முதலில் தளத்துக்குப் போனார். அடுத்ததாக டெரிக் போனார். ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் முறுகிக்கொண்டு நின்றார்கள். டெரிக் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்ததை நான் கண்டேன். அணி உடையவில்லை.

ஆனால் எனக்குக் கண்ணில் நிற்பது அதற்கெல்லாம் முன்னம், இரண்டு மணிக்கு, சென்ரரில் நடந்தது.

“நீலத்தையே போட்டுக்கொண்டு போங்கோ, அதிலை எழுத்து இருக்கு” என்று தையல் அறையிலேயே நான் சொன்னேன். டெரிக் வெள்ளையைத்தான் எடுத்தார். தேத்தண்ணீர் ஒற்றவும் நேரம் தரவில்லை. வெறும் இடம் எழுத்தின் வடிவத்தில் பளிச்சென்று தெரிய, ஸ்கேற் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

வரிசையில் முன்னுக்கு நின்றவர் கந்தையா அண்ணை. ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேற் எடுக்க வந்திருந்தார். அவருடைய கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

“தங்கச்சி, உவற்றை சட்டையிலை உந்த எழுத்தைக் கழட்டிப்போட்டினமோ?”

“ஓம் அண்ணை.”

“ஏன், ஏதும் விசாரணையோ?”

“சீச்சீ. வேற ஆளுக்குக் குடுத்திட்டினம்.”

“அப்ப பதவி மாற்றம்” என்றார். கொஞ்சம் யோசித்தார். “அப்ப இந்த வேலையும் இனிப் புது ஆளின்ரை பொறுப்பு. உவர் இனி வரமாட்டார்.”

நான் மறுமொழி சொல்லமுதல் அவர் பின்னால் திரும்பிவிட்டார். செய்தி வரிசையில் கடகடவென்று போனது. “உவர் இனி வரமாட்டாராம்.” “இண்டைக்குத்தானாம் கடைசி.” “புது ஆள் வந்து உதுகளை நிப்பாட்டிப்போடுவான், பாத்துக்கொண்டிரும்.” ஒரு நிமிடத்தில் வரிசை குலைந்தது. எல்லோரும் பெட்டியடிக்கு வந்து, பிள்ளையின் காலுக்கு இரண்டு மூன்று அளவு பெரிய ஸ்கேற்களை எடுத்தார்கள். வாற வருடத்துக்கும், அதற்கு அடுத்த வருடத்துக்கும் சேர்த்து. கந்தையா அண்ணை தன் காலுக்கு அளவான ஒன்றையும் கமுக்கட்டுக்குள் வைத்திருந்தார்.

டெரிக் முழங்காலில் இருந்தபடி நிமிர்ந்தார். “என்ன நடக்குது?”

“எழுத்துப் போனால் உத்தியோகமும் போச்சு எண்டு நினைக்கினம்,” என்றேன். “நீங்கள் இனி வரமாட்டியளாம். அதுதான் இப்பவே எடுக்கினம்.”

அவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். காலை முழுவதும் பார்க்காத இடத்தை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு பக்கத்தில் நின்ற பெண்பிள்ளையின் கையில் இருந்த பெரிய ஸ்கேற்றை வாங்கினார். அவளுடைய பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அளவான சோடி ஒன்றை எடுத்தார்.

“சொல்லு அவைக்கு,” என்றார் என்னிடம், நூலைக் கட்டிக்கொண்டே. “இது இந்த வருசத்துக் காலுக்கு. வாற வருசத்துக் காலுக்கு வாற வருசம் தரலாம்.”

சொன்னேன். கந்தையா அண்ணை விடவில்லை. “ஆர் தாறது எண்டு கேளும்.”

கேட்டேன்.

“நான்தான்” என்றார் டெரிக்.

ஒருவரும் உடனே நம்பவில்லை. ஆனால் அவர் அடுத்த பிள்ளையின் காலைக் கையில் எடுத்துவிட்டார். பெரிய ஸ்கேற்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குத் திரும்பின; கந்தையா அண்ணையினது கடைசியாக.

அடுத்த குளிர்காலத்தில் டெரிக் எந்த அணியிலும் இல்லை. முழங்கால் போய், பிறம்ரனில் ஒரு லொறிக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முதல் வியாழக்கிழமை சாதாரண ஜக்கெற்றோடு வந்து இறங்கினார். கூடவே மார்க்கும் வந்தார், புதுச் சட்டையும் நெஞ்சில் எழுத்துமாக. கந்தையா அண்ணை அந்த எழுத்தை ஒருமுறை பார்த்தார். பெட்டிகளைத் தூக்கச் சொல்லி மார்க்கிடம் காட்டிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெரிக்கின் வரிசையில் போய் நின்றார்.